கேட்காமல் சுற்றிய சக்கரம்

போன மாதம் என் மனைவி நான்கு நாட்கள் செய்தி படிப்பது போல நடித்தாள். நான்கு நாளும் நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அவள் செய்தி படிப்பது கம்ப்யூட்டரில். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் ஒரு கண் சரியாகத் தேறவில்லை. காகிதத்தில் பொடி எழுத்து அவளுக்கு ஓடாது. அதனால் பிரவுசரில் எழுத்தை நன்றாகப் பெரிதாக்கி, அவள் படிக்கும் பக்கம் திறப்பதற்கான பட்டனை இடது மூலையில் வைத்துக் கொடுத்திருந்தேன். கை பழகிவிட்டது. கண்ணை அதிகம் நம்பாமலே போய் அமுக்கிவிடுவாள்.

இந்தப் பிரவுசரைப் புதுப்பிக்கிற விஷயத்தில் எனக்கும் மகனுக்கும் ரொம்ப நாளாகத் தகராறு. "புதிய பதிப்பு வந்திருக்கிறது, இப்போது மாற்றவா, பிறகா?" என்று அது கேட்கும். நான் "பிறகு" என்று அமுக்குவேன். மறுநாளும் கேட்கும். மறுநாளும் பிறகு. இப்படியே ஒரு வருஷம் ஓட்டினேன். கடைசியில் பேங்க் பக்கம் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஊரிலிருந்து வந்த மகன், "பழைய பூட்டு போட்ட வீட்டுல இருக்கீங்கப்பா. எவன் வேணா உள்ள வரலாம். தானா மாத்திக்கிற மாதிரி வச்சுட்டுப் போறேன், நீங்க எதையும் அமுக்க வேணாம்" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். நானே தலையாட்டி, நானே அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன்.

சில வாரம் கழித்து அது ஒரு நாள் யாரையும் கேட்காமல் தன்னை மாற்றிக்கொண்டது. எழுத்து பழையபடி சிறுத்துவிட்டது. பட்டன் எங்கோ மேலே போய் ஒளிந்துகொண்டது. அவள் என்னிடம் சொல்லவில்லை. வழக்கமான நேரத்தில் உட்கார்ந்தாள், மவுஸை நகர்த்தினாள், எழுந்தாள். ஐந்தாம் நாள் யதேச்சையாக "இன்னா விசேஷம் இன்னிக்கு?" என்று கேட்டேன். முந்தின ராத்திரி டிவியில் நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்த செய்தியை எனக்கே திருப்பிச் சொன்னாள். அப்போதுதான் திரையைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

"இன்னும் கண்ணு மோசமாயிடுச்சுனு நெனச்சேன். சொன்னா மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துகினு போவீங்க" என்றாள்.

நான் கத்தியது அவள்மேல் இல்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் குப்பத்தில் இன்னொருவர் இதே மாதிரி கண்ணை மறைத்துக்கொண்டு நடித்தார். அவரையும் நான் கவனிக்கவில்லை. அவருக்கு நல்லது செய்கிறேன் என்று ஒரு காரியம் செய்தேன். அதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

எங்களுடையது பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒன்பது தோணி உள்ள சின்னக் குப்பம். ஏரியில் வலை கட்டுகிற இடத்தைப் பாடு என்போம். எங்களுக்கு ஒன்பது பாடு. ஒவ்வொரு நாளும் ஒரு தோணிக்கு ஒரு பாடு, மறுநாள் அடுத்த பாடு என்று முறை சுற்றிவரும். கரையோரப் பாட்டில் தண்ணீர் இடுப்பளவு. மீனும் அதற்கேற்ற மாதிரிதான். ஏரி கடலைத் தொடுகிற முகத்துவாரத்தில் இருப்பது முகப்பாடு. இறால் அங்கேதான் கொழிக்கும். ஆனால் அந்த மணல் ஒரு இடத்தில் நிற்காது. போன வாரம் திட்டாக இருந்தது இந்த வாரம் ஆள் முழுகும் பள்ளம். தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத்தான் எங்கே கால் வைப்பது என்று சொல்ல முடியும்.

முறை முறைதான் என்றாலும், அதைத் தினமும் சாயங்காலம் கோயில் பந்தலில் உட்கார்ந்து வாயால் ஒருதரம் சொல்லி எடுப்பார்கள். நாளைக்கு யாருக்கு எந்தப் பாடு என்று ஒருவர் சொல்லிக்கொண்டே வருவார். நடுவில் ஒருவர் வலை கிழிந்துவிட்டது என்பார். இன்னொருவர் பெண்சாதிக்குக் காய்ச்சல், தூரம் போக முடியாது என்பார். சரி, நீ அதை எடுத்துக்கோ, நான் இதை எடுத்துக்கிறேன் என்று மாற்றிக்கொள்வார்கள். இதற்குள் இரண்டு சண்டை, நாலு கேலி, அரைக் கட்டு பீடி. எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். எண்பதுகளின் தொடக்கம் அது. நான் பொன்னேரியில் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருக்கிற படித்தவனுக்குக் குப்பத்தில் எல்லாமே கோணலாகத்தான் தெரியும்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரரைச் சித்தப்பா என்று கூப்பிடுவேன். ரத்த சம்பந்தம் எதுவும் இல்லை, உறவுமுறைக்குத்தான். அவரும் அவருடைய மச்சானும் ஒரு தோணி. அந்தச் சாயங்காலப் பேச்சில் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். சித்தப்பாவுக்கு முகப்பாடு வருகிற நாளிலெல்லாம் யாராவது ஒருவர் அதைத் தட்டிப் பறித்துக்கொள்வார். "நாளைக்கு எங்க ஊட்டுக்கு விருந்தாடி வருது, மொகப்பாட்ட எனக்குக் குடு" என்பார் ஒருவர். அடுத்த சுற்றில் வேறொருவர் வேறொரு சாக்கு. இரண்டு முறை என் நைனாவே அப்படி வாங்கிக்கொண்டார். சித்தப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டார். "எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்று சிரித்துவிட்டுக் கரையோரப் பாட்டுக்குப் போய்விடுவார்.

வாயில்லாத மனுஷனை எல்லாருமாகச் சேர்ந்து ஏய்க்கிறார்கள் என்று எனக்கு வயிறெரிந்தது.

உண்மை என்னவென்றால், சித்தப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. குப்பத்தில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவரிடம்கூட. ஏனென்றால் எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒன்பது பாட்டிலும் இறங்கி வலை கட்ட முடிந்தவனுக்குத்தான் முறை. ஒரு பாட்டுக்குப் போக முடியாது என்று தெரிந்துவிட்டால் அவன் பேரை முறையிலிருந்து எடுத்துவிட வேண்டும். முறையில் பேர் போனால் ஏரியே போன மாதிரி. அவருக்கு ஆண்பிள்ளையும் கிடையாது, இரண்டு சின்னப் பெண்கள். அதனால் விருந்தாடி வருகிறது, வீட்டில் விசேஷம் என்று பொய் சொல்லி, முகப்பாட்டை வாங்கிக்கொண்டு, கால் பழகின கரையோரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்த இறாலில் ஒரு கூடை அவர் வீட்டுக் கொல்லைப் பக்கமாகப் போகும். அதையும் நான் பார்த்திருக்கிறேன். ஏய்த்தவனுக்கு மனசு குத்துகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

என் மூளையில் ஒரு சக்கரம் உதித்தது. பழைய மீன்பெட்டிப் பலகையை வைத்து இரண்டு வட்டம் அறுத்தேன். பெரிய வட்டத்தைச் சுற்றி ஒன்பது பாடு. அதன்மேல் சின்ன வட்டம், ஓரத்தில் ஒன்பது பல், பல்லுக்கு ஒரு தோணி. பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது என்பதால் தோணிக்கு ஒரு படம் வரைந்தேன். எங்களுக்குத் துடுப்பு, சித்தப்பாவுக்கு நண்டு. நடுவில் ஒரு ஆணி. முதலில் கரை சேருகிற தோணிக்காரன் ஒரு பல் நகர்த்திவிட வேண்டும். அவ்வளவுதான். யார் எங்கே போவது என்று தானாகவே தெரிந்துவிடும். யாரும் உட்கார வேண்டாம், பேச வேண்டாம், யாரும் யாரையும் ஏமாற்றவும் முடியாது.

பெயின்ட் காய வைத்திருந்தபோது சித்தப்பா எங்கள் வாசலுக்கு வந்தார். "இன்னாடா பண்ணிகினு கீற?" என்றார். விளக்கினேன். குனிந்து சக்கரத்தின் ஓரத்தைத் தடவி, பல்லை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினார். "என்னுது எது?" என்று கேட்டார். நண்டு என்றேன். அவர் விரல் தடவிக்கொண்டே போய் ஈர நண்டின்மேல் இழுத்துவிட்டது. நீலப் பெயின்ட் கோடாகத் தீற்றிக்கொண்டு ஒரு கொடுக்கு நீண்டுபோனது.

"கண்ணு தெரியல உனக்கு? ஈரமா கீது இல்ல!" என்றேன்.

சித்தப்பா சிரித்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "நல்லா கீதுடா நண்டு" என்றார்.

சக்கரத்தைக் கோயில் பந்தலில் மாட்டிய அன்று எல்லாரும் வந்து நின்றார்கள். நான் சுற்றிக் காட்டினேன். ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. நைனாதான் முதலில் பேசினார். "சாயங்காலம் நாலு பேரு குந்திப் பேசினா இன்னா கெட்டுப்பூடுது? இது எதுக்கு?"

"பேசிப் பேசித்தான் ஒரு மனுசன மொட்டையடிச்சிகினு இருக்கீங்க நைனா. மொகப்பாட்டுமேல அவ்ளோ ஆசைனா நேரா சொல்லு. இன்னும் எத்தினி நாளைக்கு அடுத்தவன் முறைய தின்னுவே?"

அப்பனைப் பார்த்து, எட்டுத் தோணிக்காரர்கள் நடுவில், நான் கேட்டது இது. நைனா வாயைத் திறந்தார். "டேய், அவனுக்கு..." என்று தொடங்கினார். சித்தப்பா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். நைனா அவர் பக்கம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

காரணத்தைச் சொல்லாமல் சக்கரத்தை வேண்டாம் என்று சொல்ல அவர்களால் முடியவில்லை. காரணத்தைச் சொன்னால் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்களோ அது போய்விடும். ஒன்பது பேரையும் நான் ஒரு பலகையில் ஆணி அடித்து மாட்டிவிட்டேன்.

சக்கரம் ஒழுங்காகச் சுற்றியது. அந்த ஒழுங்கைப் பார்த்து எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பக்கத்துக் குப்பத்திலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் பந்தல் காலியாகக் கிடந்தது. அவரவர் வருவார்கள், படத்தைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். சித்தப்பாவின் நண்டு நாளுக்கு ஒரு பல்லாக முகப்பாட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

நண்டு முகப்பாட்டைத் தொடுவதற்கு முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் சித்தப்பா என்னைத் தேடி வந்தார். நான் விண்ணப்பம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். வாசல் நிலையைத் தடவிப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "நாளைக்கு ஒரு பல்லு தள்ளி வுட்டுடேன்டா. யாருக்கும் சொல்ல வேணாம்" என்றார்.

"ஏன் சித்தப்பா?"

"சும்மாதான். மச்சானுக்கு ஒடம்பு சரியில்ல."

மச்சான் அப்போதுதான் எங்கள் வீட்டைத் தாண்டிச் சத்தமாகப் பாடிக்கொண்டு போயிருந்தான். நான் சிரித்தேன். இவர் பயப்படுகிறார், இத்தனை நாள் விட்டுக்கொடுத்துப் பழகிய பயம் என்று நினைத்துக்கொண்டேன். "ஒரு பல்லு தள்ளினா எல்லாருக்கும் மாறும். ஒருத்தருக்காக சக்கரத்துல கை வச்சா அப்புறம் அது சக்கரமா? நீ போ சித்தப்பா. நாளைக்கு மொகப்பாடு உன்னுது. எவனும் கேக்க முடியாது" என்றேன்.

அவர் இன்னும் கொஞ்சம் நின்றார். எனக்கு இப்போது அந்த நிற்பு நன்றாகத் தெரிகிறது. ஒரு வார்த்தை, "ஏன், இன்னா விசயம், உள்ள வந்து குந்து" என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். கேட்காமல் விண்ணப்பத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"நல்லதுதான் பண்ணியிருக்கே" என்றுவிட்டுப் போனார்.

மறுநாள் விடிகாலை நானும் நைனாவோடு தோணியில் போனேன். என் சாதனையைக் கண்ணால் பார்க்க ஆசை. எங்களுக்கு அன்றைக்கு முகப்பாட்டை ஒட்டின பாடு. வெளிச்சம் வந்தும் நைனா வலையை அவிழ்க்கவே இல்லை. கோலை ஊன்றிக்கொண்டு சித்தப்பாவின் தோணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா நைனா, வேடிக்க பாத்துகினு" என்று நான் முணுமுணுத்தேன்.

முகத்துவாரத்தில் மச்சான் பின்பக்கம் நின்று, இழுக்கிற தண்ணீரில் கோலை ஊன்றித் தோணியை நிறுத்துவதிலேயே இருந்தான். சித்தப்பா கழியோடு இறங்கினார். இடது பக்கம் மணல்திட்டு, தண்ணீர் பழுப்பாக இருந்தது. வலது பக்கம் பள்ளம், கரும்பச்சை. எனக்கே தெரிந்தது. அவர் வலது பக்கம் இறங்கினார்.

ஒரே அமுக்காக அமுங்கிவிட்டார். மச்சான் தோணியை விட்டுவிட்டுக் குதித்தான். நைனா அதற்குள் கோலைப் போட்டுத் தள்ள ஆரம்பித்துவிட்டார். அவர் காத்திருந்தது இதற்காகத்தான் என்று அப்போதுகூட எனக்குப் புரியவில்லை. வடியும் தண்ணீர் இருவரையும் கடல் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. கடலோரக் குப்பத்துக்காரர்கள் கட்டுமரத்தோடு வந்தார்கள். நைனாவும் அவர்களுமாகப் பிடித்துக் கரையில் போட்டார்கள். ஆள் பிழைத்துவிட்டார். தோணியும் வலையும் அலையைத் தாண்டிப் போய்விட்டன.

மணலில் உட்கார்ந்து சித்தப்பா இருமிக்கொண்டிருந்தார். சுற்றிலும் கூட்டம். கடலோரக் குப்பத்துப் பெண் ஒருத்தி டம்ளரில் டீ கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள். அவர் கையை நீட்டினார். டம்ளருக்கு ஒரு சாண் தள்ளி, காற்றில் அவருடைய கை துழாவியது. அவள் டம்ளரை நகர்த்தினாள், கை மறுபடியும் தவறியது. நைனா குனிந்து அந்தக் கையைப் பிடித்து டம்ளரில் வைத்தார்.

இரண்டு ஊர்ச் சனமும் அதைப் பார்த்தது. நானும் பார்த்தேன். ஈர நண்டு, பல்லை எண்ணிய விரல், "என்னுது எது", எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து என்மேல் விழுந்தன. அந்த இடத்திலேயே மணலைத் தோண்டிப் புதைந்துவிடலாம் போல இருந்தது.

திரும்பும்போது நைனாவிடம், "ஏன் எனக்குச் சொல்லல?" என்று கேட்டேன். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் கேட்டேன்.

"வூட்டு வாசல்ல வந்து கேட்டானாமே உங்கிட்ட. அவன் சொல்றதுக்கே நீ காது குடுக்கல. நான் சொன்னா மட்டும்?" என்றார். அதற்குமேல் அவர் சாகிற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்து நாலு வார்த்தை பேசியாவது மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். இன்னும் கேவலம், சக்கரத்தை அவர்கள் கழற்றவும் இல்லை. அது வசதியாகத்தான் இருந்தது. மற்ற எட்டுத் தோணிக்கும் அது ஒரு குறையும் வைக்கவில்லை. பல வருஷம் அது அந்தப் பந்தலில் சுற்றியது. சித்தப்பா வீட்டு வாசலில் உட்கார்ந்து மற்றவர்களின் கிழிந்த வலையைக் கையால் தடவித் தடவிப் பொத்திக்கொடுத்தார். என் காலடிச் சத்தம் அவருக்குத் தெரியும். "வேல வந்துச்சாடா?" என்று கேட்பார். உனக்காகத்தான் அதைச் செய்தேன் சித்தப்பா என்று சொல்ல இரண்டு தடவை அவர் வாசல் வரை போயிருக்கிறேன். இரண்டு தடவையும் வேறு எதையோ பேசிவிட்டு வந்தேன். பிறகு மெட்ராஸில் வேலை கிடைத்துப் போனேன். அவர் இறந்த செய்தி எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் வந்தது.

இப்போது எங்கள் வீட்டுப் பிரவுசர் மறுபடியும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் மாறுகிறது. மகன் போனில் கோபித்துக்கொண்டான். இந்தத் தடவை "பிறகு" என்று தள்ளுவதில்லை என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அது கேட்டால் நான் மனைவியைக் கூப்பிடுகிறேன். மாற்றி முடித்ததும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, எழுத்து தெரிகிறதா, பட்டன் எங்கே இருக்கிறது என்று கேட்கிறேன். அவள் பொய் சொல்கிறாளா என்று மவுஸ் பிடித்த கையைப் பார்க்கிறேன். பத்து நிமிஷ வேலை. சித்தப்பாவுக்கு அந்தப் பத்து நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை.

அந்தச் சக்கரத்தில் நான் கடைசியாகச் செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். முகத்துவாரத்தில் அது நடந்த மூன்றாம் நாள் சாயங்காலம் பந்தலில் எல்லாரும் கூடினார்கள். சக்கரம் வந்தபிறகு அவர்கள் கூடியது அன்றைக்குத்தான். கட்டுப்பாட்டைப் பற்றிப் பேச யாருக்கும் நாக்கு எழவில்லை. சித்தப்பாவே பேசினார். "ஊரே பாத்துடுச்சு. எனக்கு ஒரு நாயம், உங்களுக்கு ஒரு நாயம்னு வேணாம். எம்பேர எடுத்துடுங்க." பிறகு என் காலடி வந்து நின்ற திசைக்கு முகத்தைத் திருப்பி, "எழுதினவன் நீதானே. நீயே எடு" என்றார்.

சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மீன் கத்தியால் நண்டைச் சுரண்டினேன். முதலில் உடம்பு, பிறகு கால்கள். அவர் விரல் இழுத்து நீண்டுபோன கொடுக்கு பலகைக்குள் ஊறியிருந்தது, சீக்கிரம் போகவில்லை. நீலத் தூள் என் வேட்டியில் உதிர்ந்தது. முடித்ததும் அவர் கையை நீட்டினார். கொடுத்தேன். ஒன்பது பல்லையும் எண்ணிக்கொண்டு வந்து, தன் இடத்தில் விரலை நிறுத்தித் தடவிப் பார்த்தார்.

"சுத்தமா எடுத்துட்டேடா" என்றார். "நல்ல கை உனக்கு."